மாட்டுத் தொட்டியும் மைக்கும்

சவுண்டுக்காரனின் தொழில் தர்மம் சின்னது: பாட்டு நன்றாக அமைந்தால் பாடினவருக்குப் பேர், மைக் கீச்சென்று கத்தினால் அத்தனை தலையும் இவனைத் திரும்பிப் பார்க்கும். கல்யாண மண்டபத்திலோ கன்வென்ஷன் பந்தலிலோ சவுண்டு மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து முறைப்பு வாங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் என் பங்காளி. என் கதையில் முறைப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

வார நாளில் நான் டாலஸுக்கு வடக்கே டேட்டாபேஸ் மேய்க்கிறவன். ஞாயிறு காலையில் ஒரு கௌபாய் சர்ச்சுக்கு சவுண்டுக்காரன். சனிக்கிழமை கன்றுக்குட்டிக்குக் கயிறு வீசிப் பழகும் தகரக் கொட்டகைதான் ஞாயிற்றுக்கிழமை ஆலயம். தொப்பியும் பூட்சுமாக வருவார்கள். கிட்டார், பிடில், ஸ்டீல் கிட்டாரோடு கன்ட்ரி மெட்டில் இயேசுவைப் பாடுவார்கள். அந்த ஸ்டீல் கிட்டார் இழுக்கும்போது கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேட்பேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் அதைக் கேட்டு, மிக்சருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன்தான். அந்த ஸ்டூலை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. கதை முழுக்க அந்த ஸ்டூலைப் பற்றியதுதான்.

இன்னொன்று. டெக்சஸ்காரர்களின் இழுவைப் பேச்சு என் காதில் எங்கள் ஊர்த் திருநெல்வேலித் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

பேரில் வந்த வம்பு

முதல் ஞாயிறு. வாசலில் காபியும் டோனட்டும் கொடுக்கும் வயதான அம்மாள் பேர் கேட்டார். "சாமுவேல்" என்றேன். சிரித்தார். ஆபீசில் வெள்ளைக்காரர் வாய்க்கு வசதியாக நான் வைத்துக்கொண்ட பேர் என்று நினைத்துவிட்டார் போல. அப்பா பேர் யோசேப்பு, தாத்தா பேர் ஈசாக்கு, ஏழு தலைமுறையாக வீட்டில் பைபிளைத் திறந்துதான் பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம் என்று விளக்கினேன்.

அவர் ஏழு தலைமுறைக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். காபியை என் கையில் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, என் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர்போலக் கேட்டார்: "அதெல்லாம் சரி மக்கா, ஒன் நெசப் பேரு என்ன?"

தொப்பி

தகரக் கொட்டகையில்தான் சந்தேகம் என்றால், ஃப்ரிஸ்கோவில் வீடு வீடாக நடக்கும் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் அதற்குக் குறைவில்லை. யாரோ ஃபேஸ்புக்கில் என் வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். தலையில் தொப்பி, பின்னால் வைக்கோல் கட்டு, பாட்டுக்கு நடுவே ஒரு குதிரை கனைக்கிறது.

கூட்டம் முடிந்து இட்லி சாப்பிடும்போது கிரேஸ் ஆன்ட்டி என் போனை வாங்கி ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். பாவி ஒருவன் லாரி ஓட்டுகிறான், மனைவி போய்விட்டாள், கடைசியில் சிலுவையண்டை வருகிறான். ஆன்ட்டியின் கால் தாளம் போட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். காலை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார்: "வார்த்தை சர்ச்சுல இருக்கு, மியூசிக் பார்ல இருக்கு. நீ எதுல இருக்கே தம்பி?"

சும்மா எவன் போடுவான்

ஆபீசில் பக்கத்து சீட் செந்தில், ஈரோட்டுக்காரன். கோயிலுக்கு வெள்ளி தவறாமல் டிரைவ் பண்ணிப் போகிறவன், நல்ல நண்பன். சர்ச்சில் சனிக்கிழமை கோழி சுடுகிறோம், பாட்டு இருக்கிறது, குழந்தைகள் குதிரை ஏறலாம், வாடா என்றேன். வந்தான். மூன்று துண்டு கோழி சாப்பிட்டான். பையனைக் குதிரையில் உட்காரவைத்து போட்டோ எடுத்தான். ஒருத்தரும் அவனிடம் மதம் பேசவில்லை. அதுதான் அவனை உறுத்தியிருக்க வேண்டும். காரில் ஏறும்முன் என்னைத் தனியே கூப்பிட்டான்: "சும்மா எவன்டா கோழி போடுவான்? அடுத்த தடவ இயேசுவ ஏத்துக்கன்னு கைய தூக்கச் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும்."

எக்கோ

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. சந்தேகப்படுவதில் அவர்களுக்கு நான் இளைத்தவனா? எங்கள் குழுவின் முன்னணிப் பாடகர் பேர் வெஸ்லி. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வெஸ்லி உண்டு என்பதால் அவரை மனசுக்குள் அண்ணாச்சி ஆக்கிவிட்டேன். எழுபதைத் தாண்டினவர், பழைய லாரி டிரைவர். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி சொல்வார்: நெடுஞ்சாலை, மழை, லாரி ரேடியோவில் ஒரு கீதம், ஆண்டவர் பேசினார், அன்றைக்கே இரட்சிப்பு. வருஷம், மாசம், தேதி எல்லாம் சொல்வார். தேதிக்கு முன்னால் அழுதுவிடுவார். அந்த இடத்தில் எக்கோவை லேசாக ஏற்றுவது என் வேலை.

அழுகை எந்த வரியில் வரும் என்று தெரிந்த ஆளுக்கு அந்த அழுகையை நம்புவது கஷ்டம். ஒரு நாள் வாயைக் கொடுத்தேன்: எப்படி அண்ணாச்சி, தவறாமல் அதே இடத்தில்? அவர் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நீ எக்கோ போடுதேல்லா, அதக் கேட்டா எனக்கே அழுக வந்துருதுல."

தேதி எங்கே

பனிக்காலம் முடிந்ததும் சபைக் காரியம் பார்க்கும் புது மூப்பர் வந்தார், கர்ட்டிஸ். நல்ல மனுஷன், நேரான முதுகு. மிக்சர் பக்கம் வந்து, "நீ மனந்திரும்பி இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அப்படி ஒரு தேதி யாருக்கும் கிடையாது. பிறக்கிறோம், ஐயர் கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் தெளிக்கிறார், ஞாயிறு பள்ளிக்குப் போகிறோம். பாதிரியாரைத்தான் அங்கே ஐயர் என்போம். இயேசுவை எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால், அம்மாவை எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பதுபோல.

வேறு வழியில்லாமல் ஞானஸ்நானத் தேதியைச் சொன்னேன். அது செல்லாதாம். ஈஸ்டர் அன்று மாடு தண்ணீர் குடிக்கும் பெரிய தகரத் தொட்டியை நிரப்பி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அதில் நான் முங்கி எழ வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டூலைக் காலி பண்ண வேண்டும். முடிவாகச் சொன்னார்: "கைப்புள்ளைக்கி என்ன பாவம் தெரியும், அது என்னத்தல மனந்திரும்பும்?"

அம்மாவின் கணக்கு

ஒரு முங்குதானே, முங்கிவிடலாமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு தரம் ஞானஸ்நானம் எடுத்தவன் இன்னொரு தரம் முழுக்கு எடுத்தால், முதலாவதைப் பொய் என்று சொன்ன மாதிரி. சபையை விட்டு விலக்குவார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே வலிதான். என் அப்பாவும் அம்மாவும் என்னை ஏந்திக்கொண்டு நின்ற அந்தக் காலையை நான் எப்படிப் பொய்யாக்குவது?

அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்காகப் பேசினாள்: "ஏல சாமு, கல்லறைத் தோட்டத்துல எனக்குப் பக்கத்துல ஒனக்கு எடம் சொல்லி வச்சிருக்கேன், மாட்டுத் தொட்டிக்குப் போயி அதக் கெடுத்துராத."

ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. கொட்டகை ஓரத்தில் கர்ட்டிஸ் தண்ணீர் ஹோஸைத் தொட்டியில் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெஸ்லி அண்ணாச்சி காலர் மைக்கை மாட்டிக்கொண்டு குதிரை லாயத்துக்குப் பின்னால் போனார். மைக் ஆனில் இருப்பதை அவர் மறந்துவிட்டார். சவுண்ட் செக் முடித்த நான் அவருடைய லைனை ஸ்பீக்கருக்கு ஏற்றும் நேரம். விரல் வைக்கும்போது ஹெட்போனில் அவர் குரல்: "ஆண்டவரே, அன்னைக்கிப் பேசுனது நெசமா நீருதானா? இல்ல, வெறும் ரேடியோதானா?"

லைனை ஏற்றவில்லை. மியூட்டை அமுக்கினேன். ஹெட்போனையும் கழற்றி வைத்துவிட்டேன். ஒரு மனுஷன் தன் கடவுளிடம் பேசுவதை ஒட்டுக் கேட்க எனக்கு ஏது உரிமை? இத்தனை நாள் அவர் அழுகையைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. திரும்பி வந்தவர் இடுப்பில் மைக் பெட்டியின் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வரிதான் கேட்டது, வெளியே போகவில்லை என்றேன். அன்றைக்கு சாட்சியில் அவர் தேதி சொல்லவில்லை. நானும் எக்கோ போடவில்லை.

ஆராதனை முடிந்தது. கர்ட்டிஸ் நேராக என்னிடம் வந்து நிரம்பிக்கொண்டிருந்த தொட்டியைக் காட்டினார். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன், வீட்டுக்குப் போகத்தான். அண்ணாச்சி கிட்டாரோடு குறுக்கே வந்து நின்றார்: "என் தேதி நெசமான்னு எனக்கே தெரியலன்னு ஆண்டவர்ட்ட அழுதுக்கிட்டு இருந்தேன், இந்தப் பய கேட்டுட்டு மைக்க அமத்திட்டான். இவன் முங்கணும்னா நானும் முங்கணும் கர்ட்டிஸ், எங்க ரெண்டு பேருக்கும் தொட்டில எடம் காணுமா பாரு."

கர்ட்டிஸ் ஹோஸை மூடினார், நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன், ஆனாலும் கர்ட்டிஸ் இன்றுவரை என்னிடம் மைக்கை வாங்கும்போது அது ஆஃபில் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துக்கொள்கிறார்.