மாரிக்குப் பாடிய பதில்

எங்கள் வீட்டுக்கு ஜனவரியில் மாரி வரப்போகிறாள் என்று என் கணவர் சொன்னபோது, எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். வேல்ஸ் மொழி வகுப்பில் அவரோடு படிக்கிற யாரோ ஒரு மேரி என்று நினைத்தேன். அவள் சாப்பிடமாட்டாள், கூட வருகிறவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே பிடித்து விசாரித்திருக்க வேண்டும். ரோல்ஸ் செய்வதா, கட்லட் செய்வதா என்ற யோசனையில் விட்டுவிட்டேன்.

அவருடைய பூட்டன் வேல்ஸில் கூரைக்கான கற்பலகை வெட்டியவர். அதே வேலைக்காகக் கியூபெக்கின் கிழக்குப் பக்கத்துக் குன்றுகளுக்குக் கப்பலேறி வந்தவர். அவருடைய பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். என் மாமனார் இறந்தபின் அவருடைய அலுமாரியில் பூட்டனின் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் பென்சிலால் நான்கு வரி எழுதியிருந்தது. குடும்பத்தில் ஒருவராலும் அதை வாசிக்க முடியவில்லை. என் கணவர் அந்தப் பக்கத்தை ஒரு கிழமை முழுவதும் சமையலறை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, தேவாலய பேஸ்மென்டில் நடக்கிற வகுப்பில் போய்ச் சேர்ந்தார். மொத்தமே ஏழு பேர். நாற்பத்தாறு வயதில் ஆனா ஆவன்னா.

நான் சும்மா விடவில்லை. அந்த மொழியில் ஒரு லகரம் இருக்கிறது. நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்துக் கன்னத்துப் பக்கமாகக் காற்றை விட வேண்டும். அவர் விட்டால் கேத்திலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். ழகரத்தோடு வளர்ந்த எனக்கு அது இரண்டாம் நாளே வந்துவிட்டது. பத்து வயது மகளுக்கு அதற்கும் முன்பே வந்துவிட்டது. எனக்கு வேல்ஸ் இரத்தம், உங்கள் இரண்டு பேருக்கும் வேல்ஸ் நாக்கு என்று அவர் சொல்வார். இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவும்போது நான்கு குரலில் பாட வேண்டிய கீர்த்தனையின் அடிக்குரலை மட்டும் தனியாகப் பாடுவார். மற்ற மூன்று குரலும் இல்லாமல் அது எங்கே போகிறது என்றே எனக்கு விளங்காது. மகள் வேல்ஸ் மொழியில் எண்ணிக்கொண்டு படி ஏறுவாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். அவசரத்துக்கு மட்டும்தான் தமிழ் வரும். தமிழ் வகுப்பு நாளில் அவளுக்கு வயிறு வலிக்கும். அப்பாவின் செத்துப்போன பூட்டனுடைய மொழி மட்டும் இனிக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் வென்றிருந்தேன். வாசல் மணி அடித்தால் என் மகள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். தபால்காரர், பக்கத்து வீட்டுக் கிழவர், பள்ளிக்கூடத்துக்காகச் சாக்லேட் விற்கிற பிள்ளைகள், யாராக இருந்தாலும் ‘போன்ஜூர்’ என்று வாயெல்லாம் பல்லாக நிற்பாள். மணி அடித்தால் எனக்குப் பயம். அது அவளுக்குத் தெரியாது. நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அவளுடைய சிரிப்புச் சத்தம் கேட்கும்வரை நிற்பேன். இந்தப் பயம் என்னோடு முடிந்துபோக வேண்டும். இந்த நாட்டில் நான் மனதார ஆசைப்பட்டது அது ஒன்றுதான். வீடு, கார் எல்லாம் பிறகு.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது ஒருநாள் விடியற்காலை எங்கள் ஊரை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். ஆமி வந்து தட்டியபோது கதவைத் திறந்துவிட்டது நான்தான். ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒரு ஜீப்பில் ஒருவனை இருத்தியிருந்தார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. எங்கள் ஆட்கள் அப்படியானவனைத் தலையாட்டி என்பார்கள். பிடிபட்ட ஒருவனை அடித்து, சாக்குப் போட்டு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கக் கொண்டுவருவது வழக்கம். ஒவ்வொருவரையும் அவன் முன்னால் நிறுத்துவார்கள். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறியில் ஏற்றுவார்கள். என் அண்ணாவுக்கு முன்னால் அது கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு முடித்துவிட்டேன். பிறகு சாக்கு மேலும் கீழும் அசைந்தது. அண்ணா திரும்பி வரவில்லை.

கல்யாணம் கட்டிய புதிதில் இதைக் கணவருக்குச் சொல்லப் பார்த்தேன். சாக்குப் போட்ட ஒருவன் தலையை ஆட்டினான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எதற்கு ‘ஆம்’ என்றான் என்று கேட்டார். அவருடைய கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. சண்டையில் அண்ணா காணாமல் போனார் என்று சுருக்கி முடித்துவிட்டேன். அவரும் மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்க்கப்பட்டவர்.

மாரி வருவதைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். வகுப்பு ஆட்கள் வாசலில் நின்று உள்ளே விடு என்று பாடுவார்கள். வீட்டுக்காரர் விடமாட்டோம் என்று உள்ளே நின்று பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். மாறி மாறிப் பாடிக் கடைசியில் கதவைத் திறந்து சாப்பாடு கொடுத்தால் அந்த வருடம் நல்லது நடக்கும். எங்கள் ஊர் வேதக்காரரின் கரோல் கோஷ்டி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தேன். உள்ளே நின்று பாட என்னைத்தான் கேட்டார். மூன்று பதில் பாட்டை எனக்குச் சொல்லித்தந்தார். நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் கேத்தில் லகரத்துக்கு நம்மிடம் எழுத்து இல்லையே, அதனால் முன்னால் ஓர் ஆய்த எழுத்தைப் போட்டேன். அதைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அவர் போய்விட்டார். நாங்கள் இருந்தது மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு கீழ்வீடு. நாலு மணிக்கே மங்கிவிட்டது. நான் கடைசி ரோல்ஸைப் பொரித்துக்கொண்டிருந்தபோது தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. மகள் எழும்பினாள்.

“அம்மா, அவை வந்திட்டினம். கெதியா வாங்கோ.”

அவள் ஓட, நானும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் கதவின் மேல்பாதி கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் தலையிலிருந்து முழங்கால்வரை வெள்ளைத்துணியால் மூடிய ஒன்று நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட மண்டையோடு. கண் இரண்டும் ஓட்டை. அது எங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

அதன்பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. மகளின் கையைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். கதவுச் சங்கிலியைக் கொழுவினேன். அவளைச் சப்பாத்து வைக்கிற மூலைக்குள் அமுக்கி அவளுடைய வாயைப் பொத்தினேன். கையில் எண்ணெய் மணம். வெளியே பாட்டு முடிந்தது. அவர்கள் பதிலுக்குக் காத்து நின்றார்கள். சாக்கு அசையாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அப்படியே எனக்குத் திரும்பி வந்தது. நான் மொன்றியலில் நிற்கவில்லை. எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை எங்கே நிற்கிறேன் என்று.

மகள் என் கையை விலக்கினாள்.

“அம்மா, அது குதிரைத் தலை. நான்தான் காது ஒட்டினது. அதின்ர பேர்தான் மாரி. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் எண்டு சொல்லேல்லை.”

“கதையாதை.”

“ஏன் ஒளிக்கிறீங்கள்? இப்ப நீங்கள் பாடோணும்.”

அவளைப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரைக்குப் பயப்படாத பிள்ளை எனக்குப் பயந்துபோயிருந்தது. ஐயோ, கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பத்து வருடமாகக் குழாயைத் திறந்துவிட்டு மறைத்ததை ஒரு நிமிடத்தில் இவள் கையில் கொடுத்துவிட்டேன்.

வெளியே இரண்டாம் தடவை பாடினார்கள். எழுதி வைத்த தாள் சமையலறையில் கிடந்தது. அது கையில் இருந்திருந்தாலும் ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது. பிள்ளைக்காக எதையாவது பாட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர்களுடைய மெட்டில் என்னுடைய சொற்கள்தான் வந்தன.

“ஆர் நீ வாசலில நிக்கிறது,
முகத்தை மூடிக்கொண்டு நிக்கிறது,
போ, போ, இஞ்ச ஒருத்தரும் இல்லை.”

குரல் கேவலமாக உடைந்தது. வெளியே கைத்தட்டல், கையுறை போட்ட கைகளின் மொத்தைச் சத்தம். அவர்கள் மூன்றாம் பாட்டைத் தொடங்கினார்கள். பதில் எந்த மொழியில் வந்தாலும் பதில்தான் போலிருக்கிறது. நான் எழும்பி நின்றேன்.

“ஆரைப் பாத்துத் தலையாட்ட வந்தனீ,
ஆரைக் கொண்டுபோக வந்தனீ,
தரமாட்டன், போ, நான் தரமாட்டன்.”

அவர்கள் பாட, நான் பாட, எத்தனை தடவை என்று தெரியாது. ஒன்று மட்டும் விளங்கியது: நான் பாடிக்கொண்டிருக்கும்வரை அது உள்ளே வராது. அன்றைக்கு ஊரில் என் அம்மா ஆமிக்காரரின் காலில் விழுந்தாள். அண்ணாவின் அடையாள அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் காட்டினாள். ஒன்றும் எடுபடவில்லை. இங்கே ஒரு பாட்டு போதுமாக இருந்தது. பயம் போகவில்லை, ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு கோபம் கிளம்பிவிட்டது. வெளியே பாடுகிற குரல்கள் குளிரில் விறைத்துத் தேய்ந்துகொண்டு வந்தன. எனக்கு இரக்கம் வரவில்லை.

“அம்மா, காணும், விடுங்கோ. இப்ப நீங்கள் தோக்கோணும்.”

“தோக்கமாட்டன்.”

“அதுதானம்மா விளையாட்டு. உள்ளுக்கை இருக்கிற ஆக்கள்தான் தோக்கிறது.”

எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா அது. நான் அடுத்த அடியை எடுக்கப்போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“துணிக்குள்ள அப்பா நிக்கிறார். அவருக்குக் குளிருது.”

துணிக்குள்ளே ஓர் ஆள் நிற்பான் என்பதை நான் அதுவரை நினைக்கவே இல்லை. எங்கள் ஊர்ச் சாக்குக்குள்ளும் ஒருவன் இருந்தான்தான். பக்கத்து ஊர்ப் பெடியன், பத்து நாள் வைத்து அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவனை நான் மன்னித்தேன் என்று இங்கே எழுதினால் அது பொய். அவனுக்கும் வேர்த்திருக்கும் என்று மட்டும் அன்றைக்கு நினைத்தேன்.

“நீ போய்த் திற” என்றேன் மகளிடம்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீங்கள் திறவுங்கோ.”

சங்கிலியைக் கழற்றி நான்தான் திறந்தேன். கணவர் துணியைத் தூக்கினார். மீசையெல்லாம் பனி, முகம் முழுக்கச் சந்தோசம். என் முகத்தைப் பார்த்ததும் அது அணைந்துபோனது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் என் கையைப் பிடித்து, தன் வாழ்நாளில் இப்படிக் கதவைக் காத்த வீட்டுக்காரியைப் பார்த்ததில்லை என்றார். ரோல்ஸ் ஒன்றும் மிஞ்சவில்லை.

எல்லோரும் போனபின் கணவர் சமையலறைக்கு வந்து, என்ன பாடினாய் என்று கேட்டார். நான் அடுத்த கோப்பையைக் கழுவ எடுத்தேன். மகள் கேட்டாள்.

“தலையாட்ட வந்தனீ எண்டு ஏன் பாடினீங்கள்?”

“தலையாட்டி எண்டு ஒருத்தன் எங்கட ஊருக்கு வந்தவன்.”

“அப்பிடியெண்டா என்னம்மா?”

சொல்லாமல் விட்டால் அவள் பார்த்த என் முகத்தை வைத்து இதைவிடப் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொள்வாள் என்று பட்டது. சொன்னேன். குழாயைப் பார்த்தபடி தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன், கதவைத் திறந்துவிட்டது நான்தான் என்பது உட்பட. அவள் ஒவ்வொரு துண்டாக அப்பாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு வசனம்கூடப் பிழைக்கவில்லை. அந்தச் சொல் வந்ததும் நின்றாள். ஆங்கிலத்தில் தேடினாள், பிரெஞ்சில் தேடினாள். கடைசியில் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டி என்றே சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். டகரம் சரியாக விழவில்லை. மறுபடி சொன்னார். சரியாக வந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் குதிரைத் தலையைக் காரின் பின்பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வந்தார்.

என் மொழியை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பத்து வருடம் பாடுபட்டேன். என் பயத்தைக் கொடுக்கக்கூடாது என்றும் பத்து வருடம் பாடுபட்டேன். அன்றைக்கு இரண்டையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டேன். மற்ற நாட்களில் அவள் இன்னும் எனக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறாள்.

ஆனால் மணி அடித்தால் இப்போது ஓடுவதில்லை. நடந்துபோய், கதவுக்கு ஒரு முழம் உள்ளே நின்று, “ஆர்?” என்று தமிழில் கேட்கிறாள். வெளியே நிற்கிற தபால்காரருக்கு அது விளங்காது. பதில் வரும்வரை அவள் திறக்கமாட்டாள்.