காற்றுப் புகாத கண்ணாடி வீடு

கண்ணாடிக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவது தொழில். அவர் அடைத்த ஜன்னல் வழியே ஒரு சொட்டு மழை இறங்கியதாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமைதான் கடைசியில் அவர் தலையில் கல்லைப் போட்டது.

அவர் மனைவிக்குத் தையல் வேலை. குளிர் முடியும் முன்பே தக்காளி விதையை வீட்டுக்குள் ஊன்றிவிடுவாள். தயிர் டப்பாக்களில் மண் நிரப்பி, முளைக்கிறவரை கதகதப்புக்காக ஃப்ரிட்ஜின் தலையில்; முளைத்த பிறகு ஜன்னலோரத் தையல் மேஜையில், டியூப் லைட்டுக்குக் கீழே. வெளிச்சம் பார்த்து நாற்று ஒரே பக்கம் சாயாமல் இருக்க, தினமும் டப்பாக்களைத் திருப்பி வைப்பாள். உள்ளங்கையால் மெல்லத் தடவியும் கொடுப்பாள். அப்போதுதான் தண்டு உறுதிப்படுமாம். கட்டின புருஷனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று அவர் கிண்டல் செய்வார்.

குளிர் திரும்பி வருமுன் பழுத்துவிடுவதால் அந்தத் தக்காளிக்கு ‘அவசரக்காரி’ என்று பெயர் வைத்திருந்தாள். கடையில் கிடைக்கிற ரகமல்ல. வருடா வருடம் முதலில் சிவக்கிற பழத்தை மட்டும் விதைக்கென்று விட்டு, அவளே பார்த்துப் பார்த்துத் தேற்றிக் கொண்டுவந்தது. பழம் கேட்டு அக்கம்பக்கத்தார் வருவார்கள். விதை எடுத்து வைக்க யாருக்குப் பொறுமை இருந்தது?

வீடு முழுக்க டப்பாவாக இருப்பது அவருக்கு ஆகாது. கழற்றிப் போட்ட பழைய ஜன்னல்களைச் சேர்த்துக் கொல்லையில் ஒரு கண்ணாடி வீடு கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, வேலை கச்சிதம்.

“இனிமே நாத்தெல்லாம் அங்கதான். மீதி எடுத்து வச்சிருக்கிற விதையையும் போட்டுடு. இடம் தாராளமா கிடக்கு.”

“ஒரு பிடி எப்பவும் கையில இருக்கணுங்க.”

“ஏன், என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?”

இல்லை என்று எந்தப் பெண்டாட்டி முகத்துக்கு நேரே சொல்வாள்? மொத்த விதையையும் ஊன்றினாள். ஆனால் வழக்கம்போல வீட்டுக்குள்.

“வெளிய கொண்டுபோறதை நான் பாத்துக்கிறேன். வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்” என்றாள்.

நாற்று நாலு இலை விட்ட சமயத்தில் அவளுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். மகள் கூடவே இருந்தாள். துணி எடுக்க வீட்டுக்கு வந்தவருக்கு, மனைவி திரும்பும்போது மேஜை காலியாக, வீடு பளிச்சென்று இருக்கட்டுமே என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? டப்பாக்கள் அத்தனையையும் கண்ணாடி வீட்டுக்குள் அடுக்கி, குளிர் படக்கூடாதென்று கதவை இறுக்கச் சாத்திவிட்டுப் போனார்.

அன்று பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. சூடு வெளியேறக் கூரையில் ஒரு திறப்பு வேண்டும் என்பது அவர் மூளையில் உதிக்கவே இல்லை. ஆயுள் முழுக்கச் சந்துகளை அடைத்தே பிழைத்த மனிதர், தான் கட்டியதில் எங்கே சந்து விடுவார்? சாயங்காலம் கதவைத் திறந்தபோது முகத்தில் அனல் அடித்தது. நாற்றுகள் வெந்த கீரையாகத் துவண்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒன்றுகூட எழவில்லை. பாவி மனுஷன் அங்கேயே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கண் மேஜைக்குத்தான் போனது. அவர் ஒளிக்கவில்லை, நடந்ததைச் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டியிருந்தால் தேவலை.

“டப்பாவையாவது கழுவி வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கடை கடையாக அலைந்து விதை பாக்கெட்டுகளை வாங்கிவந்து அவள் மடியில் வைத்தார்.

“இதுல ஒண்ணை எடுத்துத் திரும்ப ஆரம்பிக்கலாம்மா. வீட்டுக்குள்ளயே போடு, எங்க வேணா வை, நான் வாயே திறக்க மாட்டேன். அவசரக்காரி மாதிரி ஆக எவ்வளவு காலம் ஆகும்?”

அவள் பாக்கெட்டின் மேலிருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தாள். அதில் கோபம் இல்லாததுதான் அவரை அறுத்தது.

“உங்களைக் கட்டின வருஷம் ஆரம்பிச்சது. இப்பதான் சரியா வந்துச்சு. அவ்வளவு காலம் எனக்கு இருக்குமான்னு டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, போடுறேன்.”