ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்றேன்

என்னை யாராவது ‘பாவம்’ என்றால் எனக்குக் கோபம்தான் வரும். மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக எலக்ட்ரீஷியன் நான். எல்லாம் தெரியும் என்கிற திமிர் கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீரிலிருந்து வாயு பிரித்து அடுப்பெரிக்கலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து நானே ஒரு மின்பெட்டி செய்தேன். அந்த வேலைக்கு நாலைந்து வோல்ட்டே போதுமாம். என் பெட்டியில் ஆயிரக்கணக்கில் ஓடியது. வோல்ட் ஏறினால் வாயுவும் ஏறும் என்று நம்பிய மகா புத்திசாலி.

என் மனைவிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. கொள்ளேகால்காரி, பயத்தையும் கேலியாகத்தான் சொல்வாள். அணுகுண்டை வீட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவள் மைசூரிலேயே தான் ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாளாம்.

ஆயுதபூஜையன்று காலையில் பெட்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் முதல் அரிவாள்மனை வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. மூடி கழற்றிய பெட்டியையும் பெருமைக்கு வரிசையில் வைத்தேன். சந்தனம் சொட்டும் விரலோடு அவள் தயங்கி நின்றாள்.

“ஏனுங்க, இதுக்கும் வெக்கட்டுங்களா?”

“ப்ளக்கைப் புடுங்கிட்டேன். தைரியமா வெய்யி.”

ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தொழிற்சாலையில் அதை இறக்காமல் எவனாவது கை வைத்தால் வண்டை வண்டையாகத் திட்டுகிறவன் நான். வீட்டில், சாமி படத்துக்கு முன்னால், அது என் புத்தியிலேயே இல்லை. இடது கையால் இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஈர விரலை உள்ளே நீட்டினாள். ஒரு சத்தம், அவ்வளவுதான். நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷை, அன்றைக்கு மட்டும் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் ப்ளக்கைப் புடுங்கிட்டீங்களே மாப்ளே. உங்க மேல என்னங்க தப்பு? அவ விதி.”

இல்லை அத்தை, ப்ளக்கைப் பிடுங்கினால் போதாது, அது எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது வாரம் தவறாமல் போன் செய்து, “சாப்பிட்டீங்களா மாப்ளே?” என்று கேட்கிறார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த போன் நின்றுவிடும். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே குரல். அதனால்தான் இன்னும் சொல்லவில்லை.