முதலில் வாய் திறந்தவள்

ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், சாம்பிள் எடுப்பதற்காகச் சென்னையிலிருந்து ஆரணிக்கு, எங்கள் தெருவுக்கே வந்தேன். சாயப்பட்டறைகளில் வேலை செய்யும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்களின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து செல்களை வழித்தெடுக்க வேண்டும். அவற்றில் மரபணுவுக்கு எவ்வளவு சேதம் என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண வேண்டும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு மரக்குச்சியால் கன்னத்தின் உள்ளே நாலு இழு இழுத்தால் போதும்.

ஆனாலும் முதல் நாள் யாரும் வரவில்லை. பட்டறைக்காரர்கள் என்னை ஏதோ ஆபீஸிலிருந்து வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்தான் வழி செய்தாள். பள்ளியில் எனக்கு நாலு வகுப்பு கீழே படித்தவள். பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு, கொதிக்கிற சாயத் தொட்டியில் பட்டு நூல் சிட்டங்களைத் திருப்பிப் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நேற்று என்ன நிறம் போட்டார்கள் என்று அவள் நகங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

"எனக்கு மொதல்ல எடுக்கா. பாத்துட்டு அதுங்க தானா வரும்" என்று சொல்லி, பட்டறை வாசலில் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தாள். குச்சி பட்டதும் கூச்சம் தாங்காமல் சிரித்தாள். அன்று சாயங்காலத்துக்குள், செல்களைப் போட்டு எடுத்துப்போக நான் கொண்டுவந்திருந்த குழாய்கள் தீர்ந்துவிட்டன.

சென்னைக்குத் திரும்பி, கண்ணாடித் தகடுகளில் செல்களைப் பரப்பி எண்ண ஆரம்பித்தேன். நல்ல செல்லின் நடுவே உருண்டையாக ஒரு கரு இருக்கும். சேதமான செல்லில் அதன் பக்கத்திலேயே, உடைந்து விழுந்த துணுக்குபோல இன்னொரு சின்னப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகளைத்தான் எண்ணுவோம். தகட்டில் பெயர் இருக்காது, வெறும் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பேராசிரியரிடம் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அம்மா போன் செய்தார்.

"எதிர்வூட்டுப் பொண்ணுக்குப் பேசி வச்ச எடம் தட்டிப் போச்சு. கேன்சர் டெஸ்ட் எடுத்த பொண்ணுன்னு யாரோ அவங்க காதுல போட்டுட்டாங்க. நீ எடுத்தியே, அதத்தான் சொல்லிகினு கிறாங்க."

தெள்ளார் மாப்பிள்ளை. பூ வைத்து முடிந்திருந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். பெண்ணின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தெள்ளாருக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாயார் மரியாதையாகவே உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நான் விளக்கினேன். இது நோய்க்கான பரிசோதனை இல்லை, ஒருத்தருக்கு நோய் வருமா வராதா என்று இதில் தெரியாது, நிறையப் பேருடையதைச் சேர்த்துப் பார்த்து அந்த வேலையால் உடம்புக்குக் கெடுதி உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கே தேதி குறிச்சிக்கலாம்."

"அப்படி எழுத முடியாதுங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்தார். "எழுதிக் குடும்மா" என்றார் மெதுவாக.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்தார்.

இருட்டும் முன்பே அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அழுதிருக்கவில்லை.

"நீ சொன்னியே, அந்தப் புள்ளி என்னோடதுல இருக்குதாக்கா?"

"எது உன்னுதுன்னே எனக்குத் தெரியாது."

"அப்போ என்னோடத எடுத்துடு. எனக்கு வாணாம்."

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் ஒரு வரி உண்டு. எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டியிருந்தேன். விலகுகிறேன் என்று கேட்டது அவள் ஒருத்திதான்.

"எடுத்துடறேன். நீயும் பட்டறைக்குப் போறத உட்டுடேன்."

"உட்டுட்டு? கல்யாணம் ஆயிருந்தா நின்னிருப்பேன்."

பேராசிரியர் பட்டியலைப் பார்த்து அவள் எண்ணைச் சொன்னார். முந்தைய வாரமே நான் எண்ணி முடித்த தகடு அது. நோட்டில் அந்த வரியைத் தேடி அடித்தேன். அடிக்கும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. புள்ளிகள் இருந்தன. நிறையவே இருந்தன.

அதை வைத்து அவளுக்கு இன்னது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த எண்ணிக்கை மறக்கவில்லை. அவளிடம் நான் சொல்லவும் இல்லை.

சாயப்பட்டறைக்குப் போகாதவர்களைவிடப் போகிறவர்களின் செல்களில் சேதம் அதிகம் என்று எழுதி முடித்தேன். எனக்குப் பட்டம் கிடைத்தது. பட்டறைகள் அப்படியேதான் நடக்கின்றன. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் தெருவில் எதிரே வந்தாள்.

"எப்ப வந்தீங்க?" என்றாள். அதுவரை என்னிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"நேத்துதான்."

"சரிங்க, வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.