வடக்கு வெயிலும் ஒன்பது மிளகாய்க் கண்டுகளும்

எழுபதுகளின் நடுவில் மெல்போர்னுக்கு மேற்கே, மரமில்லாத சமவெளியில் வீடு வாங்கினோம். நகரத்தில் மழை கொட்டும் நாளிலும் எங்களுக்கு மேகம் மட்டும்தான். கோடையில் நிலம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வடக்கிலிருந்து வரும் காற்றோ அடுப்படிச் சூடு.

கணவருக்கு இந்த ஊர் பிடிக்கவேயில்லை. சிட்னிக்கு மாற்றலாகிப் போக அவர் வேலை செய்த கந்தோரில் இடம் கிடைத்தது. ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். நான்கு வருடத்தில் மூன்று வீடு மாறிப் பெட்டி கட்டியவள் நான். பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வேலையும் கிடைத்திருந்தது. அசையமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"இந்தக் கட்டாந்தரையிலை ஒரு மிளகாய்க் கண்டு வளர்த்துக் காட்டும் பாப்பம். பிறகு இருக்கிறதைப் பற்றிக் கதைப்பம்" என்றார்.

"ஓம், காட்டுறன்" என்றேன். எனக்கும் ரோசம் இருக்கிறதுதானே.

ஒக்டோபரில் ஒன்பது கண்டு நட்டேன். எங்கே? பிறந்த ஊரில் நடுகிற இடத்தில்தான்: வீட்டுக்குப் பின்னால், குசினித் தண்ணீர் ஓடுகிற தென்புறச் சுவரோரம். டிசம்பராகியும் அவை சாண் உயரம் தாண்டவில்லை. தண்ணீர் காணாதென்று இன்னும் ஊற்றினேன். இலை மஞ்சளித்தது.

ஒரு மத்தியானம் உடுப்புக் காயப்போட வந்தபோதுதான் கவனித்தேன். கண்டுகள் கூரை நிழலில் நின்றன. ஊரில் மார்கழிச் சூரியன் தெற்கே நிற்கும். இங்கே வடக்கே நிற்கிறது. நான்கு வருடம் இந்த நாட்டில் இருந்தும் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்காத மண்டு நான். என்மேலேயே ஆத்திரம் வந்தது.

வடக்குப் பக்கம் வீட்டு முன்வாசல். அங்கே புல்தரை. அன்றே மண்வெட்டி எடுத்துக் கொத்தி, கண்டுகளை அங்கே மாற்றி நட்டேன்.

வேலையால் வந்தவர் திகைத்து நின்றார். "ரோட்டாலை போற வெள்ளையள் என்ன நினைப்பினம்?"

"மிளகாய் நட்டிருக்கெண்டு நினைப்பினம்."

புது இடத்தில் கண்டுகள் மளமளவென்று எழும்பிப் பூத்தன. ஜனவரிக் கடைசி வாரத்தில் அந்த வடக்குக் காற்று வந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடென்று குழாயில் இறப்பர் பைப் மாட்டத் தடை, வாளிதான். ஊற்றிய தண்ணீர் ஊறுமுன் காய்ந்தது. கட்டில் விரிப்பை எடுத்துக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்தது, கண்ணெல்லாம் புழுதி. விடுகிற எண்ணம் மட்டும் வரவில்லை.

கணவர் வழமையைவிட நேரத்தோடு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் விரிப்பின் மற்ற முனையைப் பிடித்தார். ஒரு மணித்தியாலம் இருவரும் அதை இழுத்துப் பிடித்தபடி நின்றோம். பிறகு காற்று சட்டென்று திரும்பித் தெற்கிலிருந்து வீசியது, உடம்பு குளிர்ந்தது. விரிப்பை இறக்கிப் பார்த்தோம். ஐந்து கண்டு கருகிவிட்டது. நாலு நின்றது.

அவர் குந்தியிருந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார்.

"வாற வருஷம் இந்தப் பக்கம் ஒரு வேலி போடவேணும்" என்றார்.

வாற வருஷம். அவ்வளவு நேரமும் அழாதவள் அப்போதுதான் அழுதேன். அழுகையோடேயே சொன்னேன்: "உயர்த்திப் போடாதேங்கோ. வெயில் மறைக்கும்."