வாவி கலங்கும் மாதங்களில் தவணை இல்லை

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பக்கத்து வீட்டுக் குசினியில் ஒளிந்திருந்தேன். தோளில் பையும் கையில் புத்தகமுமாக யார் படலையைத் திறந்தாலும் அந்நாட்களில் எனக்குப் பயம். ஒரு கம்பனியில் எடுத்த கடனுக்கு வாராவாரம் தவணை கட்டவேண்டும். கட்டாத வாரங்களில் அவர்களுடைய ஆட்கள் எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு, பொழுதுபடும்வரை இருப்பார்கள். இவரும் அந்த வகைதான் என்று நினைத்தேன். அவரோ எங்கள் வீட்டின் மூடிய கதவைப் பார்த்து, "நான் காசு கேட்டு வரல்ல புள்ள. பொம்புளையள்ர கடன் சங்கத்தில இருந்து வாறன். இண்டைக்கு ஏலாட்டி நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி மறுநாளும் வந்தார்.

செட்டிபாளையத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. அந்தச் சிறிய சங்கத்தின் கடன் உத்தியோகத்தர். சிரிப்பு அரிது. என் கணவர் வாவியில் நண்டு பிடிப்பவர். வலைக்காக, நண்டு வாங்கும் ஒரு முதலாளியிடம் முற்பணம் வாங்கியிருந்ததால், பிடித்ததையெல்லாம் அந்த முதலாளி வைத்த விலைக்கே கொடுத்தாகவேண்டும். இதையெல்லாம் கேட்ட மிஸ் காணி உறுதி கேட்கவில்லை, சம்பளத் துண்டு கேட்கவில்லை. "விடிய எத்தின மணிக்குத் தோணி கரைக்கு வரும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் எனக்கு முன்பே கரையில் நின்றார். நண்டின் காலை எப்படிக் கட்டுகிறோம், செத்த நண்டுக்கு எவ்வளவு குறைக்கிறார்கள், ஐஸ் எங்கே வாங்குகிறோம் என்று மதியம்வரை விசாரித்தார். எந்த மாதங்களில் நண்டு படாது என்றும் கேட்டார். மாரியில் வெள்ளத் தண்ணீர் இறங்கி வாவி கலங்கினால் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் கிடைக்காது என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

சங்கக் கூட்டத்தில் என் விண்ணப்பத்தைப் பலர் எதிர்த்தார்கள். ஏற்கெனவே ஒரு கடனைக் கட்டாதவளுக்கு இன்னொன்றா என்பது அவர்கள் கேள்வி. நான் தலை நிமிரவில்லை. மிஸ் எழும்பினார். "அவ கட்டாம விட்டது மாரியில. வாவியில ஒண்டும் இல்லாத நேரம் ஆரால கட்டேலும்? வாவியப் பாத்துத் தவணை வைப்பம். அப்பயும் கட்டாட்டி எண்ட சம்பளத்தில பிடியுங்க." என்னைப் பற்றி அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதேயில்லை.

கிடைத்த பணத்தில் முதலாளியின் முற்பணத்தைத் தீர்த்தோம். மிச்சத்தில் ஒரு தராசும் நண்டை ஐஸ் போட்டு வைக்க பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளும் வாங்கினேன். அயலவர்களின் நண்டையும் நல்ல விலைக்கு எடுத்து நேரே பட்டணத்துக்கு அனுப்பினேன். கம்பனிக் கடனும் மெல்ல மெல்ல முடிந்தது. இரண்டாம் வருடம் வெள்ளம் வீட்டுக்குள் வந்து பெட்டிகளை அடித்துக்கொண்டு போனது. முழங்கால் தண்ணீரில் மிஸ் நடந்து வந்தார்.

"தோணி இரிக்கா?"

"இரிக்கு மிஸ்."

"அப்ப பயப்படாத. தவணைய வாவி தெளிஞ்ச பிறகு கதைப்பம்."

அன்று அவருடைய வீட்டிலும் தண்ணீர் நின்றது என்பது பல நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அவரும் பிழை விட்டிருக்கிறார். கடன் பணத்தை வேறு தேவைக்குச் செலவழித்த ஒருத்தியைச் சபையில் வைத்துக் கடுமையாக ஏசினார். அவள் அதன்பின் சங்கத்துப் பக்கமே வரவில்லை. "தனியாக் கூப்பிட்டுக் கதைச்சிருக்க வேணும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸ் ஓய்வுபெற்றுச் சில வருடங்களாகின்றன. நான் இப்போது கடன் குழுவில் இருக்கிறேன். போன மாதம் அவரே விண்ணப்பத்தோடு வந்து, கடன் கேட்பவர்கள் இருக்கும் மர வாங்கில் உட்கார்ந்தார். மா அரைக்கும் மெஷின் வாங்கவேண்டுமாம். வயது கூடிவிட்டதென்று வங்கியில் மறுத்துவிட்டார்கள். பிணை நிற்கும் இருவர் கையெழுத்திடும் இடம் வெறுமையாக இருந்தது. "ஆரிட்டக் கேக்கிற எண்டு தெரியல்ல" என்றார், குரல் இறங்கி.

நான் பேனாவை எடுத்தேன். என் கையிலிருந்து தாள் குழுவில் பக்கத்திலிருந்தவளிடம் போனது, அவளிடமிருந்து வெளியில் நின்ற சங்கத்துப் பெண்களிடம் போனது. திரும்பி வந்தபோது ஏழு கையெழுத்துகள், கடைசி இரண்டும் தாளின் பின்பக்கத்தில்.

மிஸ் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "இது பிழை. ரெண்டு பேர்தான் வைக்கவேணும். வேற விண்ணப்பப் போம் ஒண்டு தாங்க" என்றார்.

வேறு போம் எடுக்க யாரும் எழும்பவில்லை.