வாடிக்குள் அழுத பெண்குரல்

நேற்றுப் பொழுதுபடுகிற நேரம் என் புருஷனை எங்கள் வயல்வாடியில், அந்தக் காவல் குடிசைக்குள் வைத்துப் பிடித்தேன்!

(பதறவேண்டாம். முழுவதையும் கேளுங்கள்.)

ஒரு கிழமையாகவே சந்தேகம்.

யுத்தம் தொடங்கினதிலிருந்து மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். நான் சிரட்டையால் அளந்து, கணக்கெழுதித்தான் லாம்புக்கு விடுகிறேன். அது குறைகிறது.

பூசைக்கு வைத்த கற்கண்டும் குறைகிறது!

மனிசனோ, "வயலுக்குப் பன்றி வருது" என்று லாம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

(அறுவடை முடிந்த வயல்வட்டையில் பன்றிக்கு என்ன வேலை? நான் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.)

நேற்றுப் பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"இஞ்ச மச்சாள், உங்கட வாடிக்குள்ள ஒரு பொம்பிளை அழுறாளாம்கா! மாடு சாய்க்கப் போன எங்கட மனிசன் கேட்டிருக்கார்."

எனக்கு வெள்ளி விரதம். கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது என்று அம்மனை வேண்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

உண்மைதான். உள்ளே அழுகை!

ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்தால் இவர் மட்டும். மடியில் கோயில் ஏடு, கன்னக் கொடுப்புக்குள் கற்கண்டு!

"ஆர் அழுதது?"

"நான்தான் புள்ள. அம்மன் சடங்குக்கு ஏடு படிக்க என்னை விட்டிருக்கு. 'நெல்லு அளக்கிற மாதிரிப் படிக்கிறாய், அண்டைக்கும் இப்படியெண்டா வேற ஆளை வைப்பன்' எண்டுட்டார் கோயில் நடத்துற வண்ணக்கர். நீ சிரிப்பாயெண்டு இஞ்ச வந்து பழகுறன். கற்கண்டு தொண்டைக்கு."

நம்பவில்லை. "எங்க, படியுங்க பாப்பம்!"

படித்தார். கதையில் புருஷன் நேரம் கழித்து வர, பெண்சாதி கோபிக்கிற இடம். அடிக்கு அடி கடைசிச் சொல்லை மூக்கால் இழுத்து, சடக்கென்று நிறுத்தினார்.

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது நீங்க மீன்காரனுக்கு ஏசுறதெல்லோகா!"

சரி, ஏச்சு என்னுடையதுதான்.

பிறகு கதையில் அந்தப் பெண்சாதி புருஷனைக் காணாமல் அழுகிற இடம். நிசமான அழுகையேதான்!

ஆனால் நான் இவருக்கு முன்னால் ஒருநாளும் அழுததில்லையே! அப்படியென்றால் இந்த அழுகையை எவளிடம் படித்தார்?

மச்சாளை முன்னே போகவிட்டுக் கேட்டேன். "இப்படி அழுதவள் ஆர்? உண்மையைச் சொல்லுங்க."

அவர் ஏட்டைக் கட்டினார். கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிந்தார்.

"மூத்தவன் செத்த வருசம், அடுப்படிக்குள்ள, சீலையை வாயில அடைச்சுக்கொண்டு நீ... நான் வெளியில இருந்தனான் புள்ள."

லாம்பை நான் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இன்றிரவு கோயிலில் படிக்கப்போகிறார். ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் அழுவார்கள். நான் முன்னுக்கு இருப்பதா, தூணுக்குப் பின்னால் போவதா?

மற்றது, இத்தனை வருசமாய்ச் செவிடன் மாதிரித் திரிந்த இந்த மனிசன் வேறு என்னென்ன கேட்டு வைத்திருக்கிறாரோ!

உங்கள் வீட்டு ஆட்களும் இப்படித்தானா, தோழிமாரே?